கருப்பையை எடுக்கும் முன்

ஸ்கேன் அறிக்கையில் ‘கருப்பையில் கட்டி’ என்ற சொற்களைப் பார்த்ததும் நம் வீடுகளில் எழும் முதல் பேச்சு ‘எடுத்துவிடலாமா?’ என்பதுதான். கட்டியையா, கருப்பையையா என்று பிரித்துக்கூடக் கேட்பதில்லை. அந்தக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை ஃபைப்ராய்டு எனப்படும் சாதாரண நார்த்தசைக் கட்டிகள். 50 வயதுக்குள் 10 பெண்களில் 7 பேருக்காவது அவை ஏதோ ஓர் அளவில் வந்திருக்கும் என்று அமெரிக்காவில் ஸ்கேன் எடுத்து நடத்திய ஆய்வு காட்டியது. பலருக்கு அவை இருப்பதே தெரியாது. ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் அரிய கட்டிகள் சில ஒளிந்திருக்கின்றன. சதையிலிருந்தும் இணைப்புத் திசுவிலிருந்தும் பிறக்கும் சார்கோமாக்கள் கருப்பைப் புற்றுநோய்களில் 100க்கு 3 முதல் 7 வரைதான். நஞ்சுக்கொடியின் உயிரணுக்களிலிருந்து பிறப்பவையும் அரிதானவையே. இவை குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு வரும்போது மருத்துவம் இரண்டு வகையில் தவறலாம்: காப்பாற்றியிருக்கக்கூடிய கருப்பையை அச்சத்தால் எடுத்துவிடலாம், எடுத்தே ஆகவேண்டியதை இரக்கத்தால் விட்டுவைக்கலாம். இரண்டையும் தவிர்க்க ஒரே வழிதான் உண்டு என்பது இந்தக் கட்டுரையின் வாதம். எடுப்பதா வைப்பதா என்பதைக் கட்டியின் அளவோ அதன் பெயர் கிளப்பும் பயமோ முடிவு செய்யக் கூடாது. அது எந்த உயிரணுவிலிருந்து பிறந்தது, எந்த வழியாகப் பரவும், எதைத் தின்று வளரும் என்பவையே முடிவு செய்ய வேண்டும்.

இதை மருத்துவ உலகத்துக்கு முதலில் உறைக்க வைத்த நோய் கோரியோகார்சினோமா. சில கர்ப்பங்களில் கரு உருவாகாமல் நஞ்சுக்கொடியின் திசு மட்டும் நீர்க்குமிழிக் கொத்துகளாகப் பெருகும். தமிழில் இதை முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்பார்கள். அதன் மிச்சத்திலிருந்தோ, சில வேளைகளில் இயல்பான பிரசவத்துக்குப் பிறகோ, இந்தப் புற்றுநோய் தோன்றும். இரத்த நாளங்களைத் துளைத்துக்கொண்டு நுரையீரலுக்கும் மூளைக்கும் போவது அதன் இயல்பு. 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் இதற்கு இருந்த முதன்மையான சிகிச்சை கருப்பையை அகற்றுவது. நோய் கருப்பையைத் தாண்டாததுபோல் தெரிந்தவர்களில்கூடப் பாதிக்கு மேற்பட்டோர் பிழைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்கள் இரத்தத்தில் ஏற்கெனவே கிளம்பிவிட்டிருந்ததால், பறவை பறந்த பிறகு கூண்டை எடுத்ததுபோல் ஆயிற்று அந்த அறுவை. 1956இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியூ லீயும் ராய் ஹெர்ட்ஸும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தால் இந்த நோய் கரைந்ததை வெளியிட்டார்கள். ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுத்து, வேகமாகப் பிரியும் உயிரணுக்களைப் பட்டினி போடும் மருந்து அது. அந்த மருந்துக் குடும்பத்தை உருவாக்கிய லெடர்லே ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். பரவிய திடக்கட்டி ஒன்று மருந்தாலேயே குணமான முதல் சான்றுகளில் ஒன்றாக இது வரலாற்றில் நிற்கிறது.

அந்தச் சான்றில் நம் வாதத்துக்கு வேண்டியது இன்னொன்று. மருந்து வந்தபோது நோய் குணமானதோடு கருப்பையும் தங்கியது. கட்டி சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன், வீட்டில் செய்துபார்க்கும் கர்ப்பப் பரிசோதனையில் கோடு காட்டும் அதே ஹார்மோன், இரத்தத்தில் மறையும்வரை மருந்தைத் தொடர வேண்டும் என்று லீ வற்புறுத்தினார். அப்போது பலர் ஏற்காத அந்தப் பிடிவாதம் சரி என்று காலம் காட்டியது. இன்று ஆபத்து குறைந்த வகையினரில் ஏறக்குறைய எல்லோரும் குணமடைகிறார்கள். பிறகு குழந்தை விரும்புவோரில் பெரும்பாலோர் கருத்தரிக்கவும் செய்கிறார்கள். சரி, நஞ்சுக்கொடியில் பிறக்கும் கட்டி எல்லாமே மருந்துக்கு அடங்குமா என்றால், அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். அதே நஞ்சுக்கொடியின் வேறொரு வகை உயிரணுவிலிருந்து, நஞ்சுக்கொடி பதிந்த இடத்தில், ஒரு கட்டி வளரும். எச்.சி.ஜி.யைக் குறைவாகவே சுரக்கும். பிரசவமாகி மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். கீமோதெரபிக்கு எளிதில் மசியாது. பிரிட்டனில் 62 பெண்களின் விவரங்களைத் தொகுத்து 2009இல் வெளியான ஆய்வு, கடைசிக் கர்ப்பத்துக்கும் நோய் தெரிந்ததற்கும் இடையே 48 மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தால் விளைவு மிக மோசம் என்று காட்டியது. நோய் கருப்பைக்குள் நிற்கும்போதே கருப்பையை அகற்றிவிடுவதுதான் இந்தக் கட்டிக்குப் பொதுவான சிகிச்சை. இரண்டும் ஒரே மண்ணில் முளைத்தவை. ஒன்றில் கருப்பையை எடுப்பது பெரும்பாலும் தேவையற்றது. மற்றதில் எடுக்காமல் விடுவது ஆபத்து.

தசைக்கு வருவோம். ஃபைப்ராய்டு என்றால் கருப்பையை எடுப்பதே முறை என்றிருந்த காலத்தில், கட்டியை மட்டும் எடுத்துக் கருப்பையைத் தைத்துவிடலாம் என்று இயக்கமே நடத்தியவர் லண்டன் மருத்துவர் விக்டர் போனி. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சுற்றியுள்ள திசுக்களோடு சேர்த்து எடுக்கும் மிகப் பெரிய அறுவையையும் நூற்றுக்கணக்கில் செய்தவர் அவரே. ஒரே கை ஒருபக்கம் இரக்கமின்றி அகற்றியது, மறுபக்கம் பொறுமையாகத் தைத்துக் காத்தது. இதில் முரண் ஏதுமில்லை. எந்த நோய்க்கு எது என்று தெரிந்த கை அது. இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த அவர் வடிவமைத்த இடுக்கி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. போனியின் மரபு இன்று லேப்ராஸ்கோபி வரை வளர்ந்திருக்கிறது. ஆனால் சாதாரண ஃபைப்ராய்டு என்று நினைத்து எடுக்கும் கட்டிக்குள் லியோமயோசார்கோமா என்ற தசைப் புற்று ஒளிந்திருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை மருத்துவம் நீண்ட காலம் ஒதுக்கியே வைத்திருந்தது.

அதன் விலையை 2013, 2014 ஆண்டுகளில் உலகம் கண்டது. வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் அறுவையில் பெரிய கட்டியை வெளியே கொண்டுவர, மார்செலேட்டர் என்ற சுழலும் கத்தியால் உள்ளேயே துண்டுதுண்டாக்கி வெளியே இழுத்து எடுப்பார்கள். கட்டி புற்றாக இருந்தால் அந்தத் துணுக்குகள் வயிறு முழுவதும் விதைபோல் சிதறும். கருப்பையோடு நின்றிருந்த நோய் ஒரே மணி நேரத்தில் பரவிய நோயாகிவிடும். ஃபைப்ராய்டுக்காக அறுவைக்குப் போகும் பெண்களில் ஏறத்தாழ 350 பேரில் ஒருவருக்கு எதிர்பாராத சார்கோமா இருக்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014இல் மதிப்பிட்டு எச்சரித்தது. பிற ஆய்வுகள் இன்னும் குறைவான எண்ணிக்கையைச் சொல்கின்றன, விவாதம் முடியவில்லை. எண் எதுவானாலும் பாடம் ஒன்றுதான்: கட்டியை எடுப்பதற்குள்ள அதே முக்கியத்துவம், அதைச் சிதறாமல் எடுப்பதற்கும் உண்டு. ஐயம் இருக்கும் கட்டியை முழுதாகவோ பைக்குள் வைத்தோதான் வெளியே எடுக்க வேண்டும். தேவைப்பட்டால் வயிற்றில் பெரிய கீறல் போடத் தயங்கக் கூடாது. தழும்பு சிறிதாக இருப்பது நல்லதுதான், ஆனால் அதற்காக உயிரைப் பணயம் வைக்க முடியாது.

அறுவைக்கு முன்பே கண்டுபிடித்துவிட முடியாதா? முழு உறுதியோடு முடியாது என்பதே நேர்மையான பதில். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் நீரின் அசைவு கட்டிக்குள் எவ்வளவு தடைபடுகிறது என்று பார்த்து ஐயத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். ஆனால் சார்கோமா பெரும்பாலும் கருப்பைச் சுவருக்குள் பதுங்கியிருப்பதால், உட்படலத்தைச் சுரண்டி எடுக்கும் பயாப்சியில் அது தப்பிவிடலாம். லியோமயோசார்கோமா என்று உறுதியானால் கருப்பையைக் காப்பாற்றும் பேச்சுக்கு இடமில்லை. இரத்த வழியாக நுரையீரலுக்குப் பரவும் இந்த நோய், ஆரம்ப நிலையில் முழுதாக எடுத்தாலும் பாதிக்கு மேற்பட்டோருக்குத் திரும்பி வருகிறது. ஆனால் இங்கும் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு: கருப்பையை எடுப்பதால் சினைப்பைகளையும் எடுத்தாக வேண்டும் என்பதில்லை. நோய் கருப்பையோடு நிற்கும் இளம்பெண்ணில் சினைப்பைக்கு அது பரவியிருப்பது அரிது; அவற்றை விட்டுவைப்பதால் பிழைப்பு வாய்ப்பு குறைந்ததாகவும் ஆய்வுகள் காட்டவில்லை. சினைப்பை தங்கினால் முன்கூட்டிய மாதவிடாய் நிறுத்தம் தவிர்க்கப்படும், சினைமுட்டைகளும் தங்கும். கருப்பையை இழந்த பெண் தாய்மையின் எல்லாக் கதவுகளையும் இழந்துவிட வேண்டியதில்லை.

எண்டோமெட்ரியல் ஸ்ட்ரோமல் சார்கோமா என்ற கட்டியின் தீவிரம் குறைந்த வகையில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிறது. மாதவிடாய் நிற்காத வயதுப் பெண்களிடமே அதிகம் காணப்படும் இது மெதுவாக வளரும். கருப்பையோடு நிற்கும்போது கண்டவர்களில் 100க்கு 90க்கும் மேற்பட்டோர் 5 ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். ஈஸ்ட்ரோஜன் இதற்குத் தீனி, புரோஜெஸ்டிரோன் கடிவாளம். எனவே கருப்பையோடு சினைப்பைகளையும் எடுப்பது வழக்கமான சிகிச்சையாயிற்று. அதே காரணத்தால்தான் குழந்தை வேண்டும் என்று உறுதியாக இருக்கும் இளம்பெண்ணுக்கு இன்னொரு வழியும் திறந்தது. ஹிஸ்டெரோஸ்கோப் என்ற குழாயைக் கருப்பைவாய் வழியே செலுத்தியோ வயிற்றைத் திறந்தோ கட்டியை மட்டும் எடுத்து, புரோஜெஸ்டிரோன் வகை மருந்துகளால் மிச்சத்தை அடக்கி, குறுகிய காலத்துக்குள் கருத்தரிக்க வைப்பது. இப்படிச் செய்து குழந்தை பெற்றவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். ஆனால் இந்தக் கட்டி தசைக்குள் நாக்கு நீட்டி, நாளங்களுக்குள் புழுவைப்போல் ஊடுருவும். விளிம்பு எங்கே முடிகிறது என்று அறுவைக்காரரின் கண்ணுக்குத் தெரியாது. வெளியான சிறு தொகுப்புகளில், கருப்பையைக் காத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்பியிருக்கிறது. 10, 20 ஆண்டுகள் கழித்துத் திரும்புவதும் உண்டு. ஆகவே இங்கே கருப்பையைக் காப்பது தவணைக் கடன் போன்றது: குழந்தை பிறந்த பிறகு கருப்பையை எடுத்துவிடுவது என்ற ஒப்பந்தத்தோடுதான் அது தரப்படுகிறது.

எடுத்தே ஆகவேண்டியவற்றுக்கும் காக்கக்கூடியவற்றுக்கும் நடுவே நிற்கும் கட்டிகள்தாம் தீர்ப்பைக் கடினமாக்குகின்றன. தீங்கற்றது என்றும் சொல்ல முடியாமல் புற்று என்றும் சொல்ல முடியாமல் ஸ்டம்ப் என்ற பெயரில் ஒதுக்கப்படும் தசைக்கட்டிகள் உண்டு. ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 1994இல் இப்படிச் சிக்கலான 213 கட்டிகளை ஆராய்ந்து, உயிரணு எவ்வளவு வேகமாகப் பிரிகிறது, உட்கரு எவ்வளவு கோணலாக இருக்கிறது, கட்டிக்குள் திசு செத்துக் கிடக்கிறதா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் எதிர்காலத்தைக் கணிக்க முடியும் என்று நிறுவினார்கள். சினைப்பைக் கட்டியைப்போல் தோற்றம் காட்டும் இன்னொரு கருப்பைக் கட்டி 1976இல்தான் தனியாக அடையாளம் காணப்பட்டது. பெரும்பாலும் சாதுவானது, எல்லை தெளிவாக இருப்பதால் தனியே எடுத்துவிட ஏற்றது, ஆனால் சில திரும்பி வரும். ஃபைப்ராய்டு என்றே தவறாக எண்ணப்படும் அழற்சி மயோஃபைப்ரோபிளாஸ்டிக் கட்டியில் ஏ.எல்.கே. என்ற மரபணு பெரும்பாலும் குலைந்திருக்கும். அதைக் குறிவைக்கும் கிரிசோடினிப் மருந்தை இந்தக் கட்டிக்குப் பயன்படுத்த அமெரிக்காவில் 2022இல் ஒப்புதல் கிடைத்தது. வெறும் கண்ணுக்கு இவை எல்லாமே ஏறக்குறைய ஒன்றுபோல் தோன்றும் சதை உருண்டைகள். பிரித்துக் காட்டுவது நுண்ணோக்கியும் மரபணுப் பரிசோதனையும்தான். அறுவைக்காரரைக் கதாநாயகராக எண்ணிப் பழகிய நமக்கு, ஒரு பெண்ணின் கருப்பை நிலைப்பதும் போவதும் அவள் முகத்தையே பார்க்காத நோய்க்குறியியல் நிபுணரின் கண்ணாடித் தகட்டில் முடிவாகிறது என்பது எளிதில் தோன்றுவதில்லை.

காப்பது என்று முடிவானபின் அறுவைக்காரரின் கைக்குத் திரும்புகிறது பொறுப்பு. கட்டியை உடைக்காமல் எடுப்பதோடு வேலை முடியாது. அந்தச் சுவர் பின்னால் ஒரு குழந்தையைச் சுமக்க வேண்டும் என்ற நினைப்போடு அடுக்கடுக்காகத் தைக்க வேண்டும். உட்படலத்தைக் கூடியவரை தொடாமல் விட வேண்டும். தொட்டால் உட்சுவர்கள் ஒட்டிக்கொண்டு கரு தங்க இடமின்றிப் போகும். இரத்தப்போக்கை அடக்க நாளங்களைச் சுருக்கும் ஊசியும் தற்காலிகக் கட்டும் உதவும். ஆனால் கண்ட இடமெல்லாம் மின்சாரத்தால் சுட்டு இரத்தத்தை நிறுத்தினால் தழும்பு வலுவிழக்கும். காயம் ஆறச் சில மாதங்கள் காத்திருந்துதான் கருத்தரிக்க வேண்டும். ஆழமாக அறுத்திருந்தால் பிரசவம் சிசேரியனாகவே அமையும். தழும்பு விரியும் ஆபத்து ஃபைப்ராய்டு அறுவைக்குப் பின் 100க்கு ஒன்றுக்கும் குறைவு என்றாலும், நேர்ந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. எனவே கருப்பையைக் காப்பது சிறிய அறுவை என்ற எண்ணம் தவறு. எடுப்பதைவிடக் காப்பதற்கே அதிகத் திறமையும் நீண்ட கண்காணிப்பும் வேண்டும்.

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் வலுவானது சான்றின் போதாமை. இவை அரிய நோய்கள். உலகம் முழுவதும் தேடினாலும் சில பத்துப் பேரின் தொகுப்புகள்தாம் கிடைக்கும். சமமான இரு குழுக்களை ஒப்பிட்ட ஆய்வு இல்லை. நல்லபடியாக முடிந்த கதைகளே இதழ்களில் அச்சேறும். இந்த நிலையில் எடுத்துவிடுவதுதானே பாதுகாப்பு என்கிறார்கள். இந்தக் குறை உண்மை, மறைக்கக் கூடாது. ஆனால் அதே தராசில் எதிர்த்தட்டையும் வைத்துப் பார்க்க வேண்டும். கோரியோகார்சினோமாவில் கருப்பையை எடுப்பது ‘பாதுகாப்பான’ வழியாகத்தான் கருதப்பட்டது, அது பாதுகாக்கவில்லை. எடுப்பது பழைய வழக்கம் என்பதாலேயே நிரூபிக்கப்பட்டது ஆகிவிடாது. சான்று குறைவான இடத்தில் செய்யவேண்டியது, பெண்ணிடம் அந்தக் குறைவையே சொல்வது. அனுபவமுள்ள பெரிய மையத்தில் பல துறையினரும் சேர்ந்து முடிவெடுப்பது. ஒவ்வொரு நோயாளியின் விளைவையும், நன்றோ தீதோ, பதிவேட்டில் சேர்ப்பது. பிரிட்டன் முத்துப்பிள்ளைக் கர்ப்பத்துக்கு 1973 முதல் தேசியப் பதிவேடு வைத்து, சிகிச்சையைச் சில மையங்களில் குவித்ததால்தான் அரிய நோயிலும் உறுதியாகப் பேசும் அறிவு சேர்ந்தது.

இரண்டாவது வாதம்: சினைமுட்டையை உறையவைக்கலாம், வாடகைத்தாய் உண்டு, கருப்பை மாற்று அறுவைகூட வந்துவிட்டதே, பிறகு ஏன் ஆபத்தான உறுப்பைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? 2014இல் ஸ்வீடனில் மாற்றுக் கருப்பையில் வளர்ந்த முதல் குழந்தை பிறந்தது. 2018இல் புனேயில் தன் தாயின் கருப்பையைப் பெற்ற ஒருவர் குழந்தை பெற்றார். பெருமைப்பட வேண்டிய சாதனைகள். ஆனால் மாற்று உறுப்புக்காக உடலின் எதிர்ப்பாற்றலை அடக்குவது, புற்றுநோய் வந்து போன பெண்ணுக்குக் கவலைக்குரியது. வாடகைத்தாய் வழியை இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் பணம் பெறாத உதவியாக மட்டும், அதுவும் மணமான தம்பதியருக்கும் 35 முதல் 45 வயதுக்குட்பட்ட விதவை அல்லது மணவிலக்குப் பெற்ற பெண்களுக்கும் மட்டுமே அனுமதிக்கிறது. கட்டி வந்தவர் 24 வயது மணமாகாத பெண்ணாக இருந்தால் அந்தக் கதவு இன்று அவருக்குச் சாத்தியே இருக்கிறது. மாற்றுவழி ஏட்டில் இருக்கிறது என்பதற்காக, இருக்கும் உறுப்பை எளிதாக விலை பேசிவிட முடியாது.

மூன்றாவது வாதம் நம் சமூகத்தைப் பற்றியது. எனக்கு மிகுந்த கவலை தருவதும் அதுதான். பிள்ளை இல்லாதவளை இழிசொல்லால் அழைத்த ஊர் இது. கருப்பையைக் காக்க வேண்டும் என்ற விருப்பம் அந்தப் பெண்ணுடையதா, புகுந்த வீட்டுடையதா? ஊர் வாய்க்குப் பயந்து ஒருத்தி தன் உயிரை ஆபத்தில் வைக்க மருத்துவம் துணைபோகலாமா? கூடாது. லியோமயோசார்கோமா வந்த பெண்ணிடம் ‘ஒரு பிள்ளை பெற்றுக்கொண்டு எடுக்கலாம்’ என்று சொல்வது கருணை ஆகாது. ஆனால் இதே சமூகம் எதிர்த்திசையிலும் தவறுகிறது. பிள்ளைகள் பிறந்தாயிற்று, இனி எதற்கு அந்தப் பை என்று, மருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய உதிரப்போக்குக்கும் கருப்பையை எடுத்துவிடும் வழக்கம் நம் நாட்டில் இருக்கிறது. தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுக்க உச்ச நீதிமன்றம் 2023இல் மாநிலங்களுக்கு உத்தரவிடும் அளவுக்கு அது போனது. ஒருபுறம் பிள்ளைக்காக உறுப்பை வற்புறுத்திக் காப்பது, மறுபுறம் பிள்ளை முடிந்ததும் உறுப்பைத் தேவையற்றதாக எண்ணுவது. இரண்டுமே பெண்ணைக் கருப்பையின் கணக்கில் எடைபோடும் ஒரே பார்வையின் இரு முகங்கள். அவளோடு தனியே பேச மருத்துவர் ஒதுக்கும் அரை மணி நேரமும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். குழந்தை வேண்டாம், நிம்மதி போதும் என்று அவள் சொன்னால், அதுவும் அதே மதிப்புடைய பதில்.

ஆகவே, எடுக்கலாமா என்ற கேள்விக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி: இது என்ன என்று உறுதியாகத் தெரிந்துவிட்டதா? பயாப்சியிலோ கட்டி அறுவையிலோ எடுத்த திசு மெழுகுக்கட்டியில் பதிந்து பரிசோதனைக்கூடத்தில் பாதுகாக்கப்படுகிறது. அதையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கி, அரிய கட்டிகளைப் பார்த்துப் பழகிய இன்னொரு நிபுணரிடம் காட்ட நோயாளியால் முடியும். பலருக்கு அது தெரிவதில்லை. இரத்தம் பெருக்கெடுப்பது போன்ற அவசரம் இருந்தால் காத்திருக்க முடியாது. அப்படி இல்லாதபோது, அந்த இரண்டாவது பார்வைக்கு ஆகும் ஒன்றிரண்டு வாரங்கள் பெரும்பாலும் நோயின் போக்கை மாற்றிவிடாது. ஆனால் சிகிச்சையின் போக்கையே மாற்றிவிடக்கூடும். சார்கோமா என்று பயந்தது சாதுவான கட்டியாக மாறலாம். ஃபைப்ராய்டு என்று நிம்மதியடைந்தது விழித்துக்கொள்ளவேண்டிய கட்டியாக மாறலாம். எதுவாயினும், அதன் பிறகு அவள் எடுக்கும் முடிவு தெரிந்து எடுத்ததாக இருக்கும். வைத்த கருப்பையைப் பின்னால் எடுத்துவிடலாம். எடுத்த கருப்பையைத் திரும்ப வைப்பது அரிதினும் அரிது. அந்த இரண்டுக்கும் நடுவே, மெழுகுக்கட்டியைக் கொடுங்கள் என்று கேட்கும் ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. அதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.